கசியும் குழாய்: வாஷர், சீட், மரை

பாலக்காடு நகரை ஒட்டிக் கல்பாத்தி ஆற்றின் கரையில் நீளும் அக்கிரகாரங்களின் வீடுகள், பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, திண்ணையோடு திண்ணை சேர்ந்து நெருங்கி நிற்பவை. 15ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கல்வெட்டு கூறும் விசுவநாத சுவாமி கோயிலைச் சார்ந்து வளர்ந்த இந்தக் குடியிருப்பைக் கேரள அரசு பாரம்பரியக் கிராமமாக அறிவித்திருக்கிறது. வாசலிலிருந்து ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை எனப் பின்னோக்கி நீளும் இத்தகைய வீட்டில் ஒரு குழாயின் சொட்டு தண்ணீர் வீணாவதோடு நிற்பதில்லை. பொதுச்சுவருக்குள் இறங்கும் ஈரம் அடுத்த வீட்டாரின் பூச்சை உதிர்க்கிறது. சுவருக்குள் குழாயின் மரை உடைந்துவிட்டால், அதை எடுப்பதற்குத் தட்டும் உளியின் அதிர்வை இரண்டு குடும்பங்களும் தாங்க வேண்டியிருக்கிறது. வீட்டுக் குழாயின் பழுதை அறிவியலாகப் புரிந்துகொள்வதற்குக் கல்பாத்தியைவிடப் பொருத்தமான களம் எளிதில் கிடைக்காது.

ஆற்றுப் படித்துறையும் கொல்லைக் கிணறும் தந்த நீரைக் கொண்டே பல நூற்றாண்டுகள் வாழ்ந்த இந்தத் தெருக்களுக்கு, திருகினால் வரும் நீர் மிகப் பிந்தி வந்த வசதி. கல்பாத்தி ஆற்றின் துணையாறான மலம்புழாவின் குறுக்கே சென்னை மாகாண அரசு தொடங்கிய அணையை 1955ஆம் ஆண்டு காமராஜர் திறந்துவைத்தார். பாசனத்துக்காக எழுந்த அந்த நீர்த்தேக்கமே இன்று பாலக்காடு நகரின் குடிநீருக்கும் ஆதாரம். 1984இல் உருவான கேரள நீர் ஆணையத்தின் குழாய்களில் வரும் அந்த நீர், கொல்லைக் கிணற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகிய மூன்றில் ஒன்றோ இரண்டோ மேல்நிலைத் தொட்டியில் கலந்து வீட்டுக் குழாய்க்கு இறங்குகிறது. ஒவ்வொன்றும் குழாயை ஒவ்வொரு விதத்தில் தேய்க்கிறது. விட்டுவிட்டு வரும் பொதுக் குழாய் நீர், ஒவ்வொரு முறை வரும்போதும் துருத்துகள்களையும் மணலையும் முன்தள்ளிக்கொண்டு வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் மிகுந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், நீர் ஆவியாகும் இடத்தில் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து வெள்ளைப் பொருக்கு கட்டுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் 40 பாகை செல்சியஸைத் தொடும் பாலக்காட்டு வெயில், வெளிக்குழாய்களின் ரப்பரை விரைவில் முதுமையடையச் செய்கிறது.

கொல்லையிலும் குளியலறையிலும் இன்றும் பரவலாக உள்ள திருகுக் குழாயின் அமைப்பு 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் கெஸ்ட் அண்ட் க்ரைம்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்தது. அதற்கு முந்தைய குழாய்களில் துளையிட்ட கூம்பு வடிவ அடைப்பான் ஒன்று உறைக்குள் சுழன்று நீரைத் திறந்தும் மூடியும் வந்தது. நகரங்கள் நீரை உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பத் தொடங்கியபோது அந்த அடைப்பான்களால் கசிவைத் தடுக்க முடியவில்லை. புதிய அமைப்பில் நீர் கீழிருந்து மேலேறும் வட்டத் துளையின் விளிம்பு ‘சீட்’ எனப்படுகிறது. அதன்மேல் மேலிருந்து அழுத்தி மூடும் மெல்லிய வட்டு ‘வாஷர்’. தொடக்கத்தில் தோலாலும், பின்னர் இழைமப் பலகையாலும், இப்போது ரப்பராலும் செய்யப்படுவது. கைப்பிடியோடு சேர்ந்து சுழன்று வாஷரைக் கீழே தள்ளும் மரைத்தண்டு ‘ஸ்பிண்டில்’. நீரைத் தடுக்கும் வேலை முழுவதும் வாஷரும் சீட்டும் தொடும் ஒரு மெல்லிய வளையத்தில்தான் நடக்கிறது. பளபளப்பான உடல், கைப்பிடி, மூக்கு ஆகியவை அனைத்தும் அந்த வளையத்தைத் தாங்கி நிற்கும் துணைகளே. கசிவுக்காகக் குழாய் முழுவதையும் கழற்றி எறிவது பெரும்பாலான நேரங்களில் வீண் செலவாக முடிவதற்குக் காரணம் இதுவே.

அந்த வளையத்தில் எவ்வளவு விசை தேவை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. குழாய்க்கு மேலே 3 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால், நீர்த்தம்பத்தின் அழுத்தம் ஏறத்தாழ 0.3 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சீட்டின் துளை 12 மில்லிமீட்டர் விட்டமுடையது எனக் கொண்டால் அதன் பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர்; வாஷரை மேலே தள்ளும் விசை 350 கிராம் எடைக்கு ஒப்பானது. ரப்பரைச் சற்று அமுக்கிப் பொருந்தவைப்பதற்கு இதைவிடக் கூடுதல் விசை வேண்டும் என்றாலும், நல்ல நிலையில் உள்ள குழாய்க்கு இரண்டு மூன்று கிலோவே தாராளம். கைப்பிடி தருவதோ இதைவிடப் பன்மடங்கு. 25 மில்லிமீட்டர் ஆரமுள்ள கைப்பிடியின் விளிம்பு ஒரு முழுச் சுற்றில் 157 மில்லிமீட்டர் நகரும்போது, ஸ்பிண்டில் கீழிறங்குவது சுமார் 2 மில்லிமீட்டர்தான். ஆகவே விளிம்பில் கொடுக்கும் விசை கோட்பாட்டளவில் 78 மடங்காகப் பெருகுகிறது. மரைகளின் உராய்வு அதில் பெரும்பகுதியை விழுங்கிய பின்னும், கையால் ஒரு கிலோ அளவுக்குத் திருகினால் வாஷர் மீது பத்துப் பதினைந்து கிலோ ஏறிவிடும். சொட்டுகிற குழாயை மேலும் இறுக்கி நிறுத்தும் பழக்கத்தின் தீமை இந்தக் கணக்கில் வெளிப்படுகிறது: சீட்டின் விளிம்பு ரப்பரில் ஆழமான பள்ளம் பதிக்கிறது, பின்னர் அதை வெட்டுகிறது, அதன்பின் பித்தளை பித்தளையை அரைக்கத் தொடங்குகிறது.

சொட்டை நெடுநாள் கண்டுகொள்ளாமல் விடுவதில் இன்னொரு சேதம் இருக்கிறது. மூடிய குழாயின் வாஷருக்கடியில் மயிரிழைப் பிளவு ஒன்று இருந்தால், அழுத்தம் முழுவதும் அந்தப் பிளவில் நீரின் வேகமாக மாறுகிறது. டோரிசெல்லி 1643இல் வகுத்த விதிப்படி, உராய்வு இல்லை என்று கொண்டால் 3 மீட்டர் உயரத்து நீர் நொடிக்கு 7.7 மீட்டர் வேகத்தில் வெளியேறும். பொதுக் குழாயின் நேரடி அழுத்தத்தில் வேகம் இன்னும் கூடுதல். அதில் மிதந்து வரும் மணல்துகள்கள் ஒரே கோட்டில் மாதக்கணக்காகப் பித்தளையை உரசி, சீட்டின் விளிம்பில் மெல்லிய வாய்க்கால் ஒன்றை அறுத்துவிடுகின்றன. அதன்பின் எத்தனை புது வாஷர் மாற்றினாலும் கசிவு சில வாரங்களில் திரும்பும். மட்டமான முகம் கொண்ட சிறு வெட்டுக்கருவியால் சீட்டை மீண்டும் தேய்த்துச் சமப்படுத்தினால்தான் தீரும். உரிய நாளில் மாற்றப்படும் வாஷர், பித்தளைச் சீட்டைக் காக்கிறது.

சொட்டின் அளவைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. குழாய் வாயில் தொங்கும் துளியைப் பரப்பு இழுவிசை தாங்குகிறது. வாயின் சுற்றளவு பெரிதாக ஆக, அது தாங்கக்கூடிய துளியும் பெரிதாகிறது. 1864இல் தாமஸ் டேட் வெளியிட்ட இந்த விதியின்படி, மருத்துவமனையில் நரம்பு வழி மருந்து ஏற்றும் குழலில் 20 துளி ஒரு மில்லிலிட்டராகும்போது, அகன்ற வாயுள்ள வீட்டுக் குழாயின் துளி அதைவிடப் பருமனாகவே இருக்கும். சிறிய துளி என்றே வைத்துக்கொண்டாலும், நொடிக்கு ஒன்று வீதம் ஒரு நாளில் 86,400 துளிகள், அதாவது 4.3 லிட்டர் வீணாகிறது. ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1,580 லிட்டர். துளியின் கனஅளவு இரு மடங்கானால் இழப்பும் இரு மடங்கு. சமவெளிக் கிணறுகள் கோடையில் அடிமண்ணைக் காட்டும் ஒரு மாவட்டத்தில், ஒரு வாஷரின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய இழப்பு.

கைவிட்டதும் தானே மூடிக்கொள்ளும் குழாய் ஒன்றைத் திருவிதாங்கூரைச் சேர்ந்த ஜே.பி. சுப்ரமணிய ஐயர் உருவாக்கியது கேரளத்தின் தொழில்நுட்ப வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. ஜெய்சன் குழாய் என்று பெயர் பெற்ற அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை மேல்நோக்கித் தள்ளினால் நீர் வரும். விட்டால் தண்டின் எடையும் நீரின் அழுத்தமும் சேர்ந்து அடைப்பைச் சீட்டில் பொருத்திவிடும். திருகுக் குழாயில் மூடும் கை நீரின் அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்கிறது என்றால், இங்கு மூடுகிற வேலையை அழுத்தமே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே இறுக்கித் திருகி வாஷரை அறுக்க யாருக்கும் வாய்ப்பில்லை. தெருக் குழாய்களிலும் இரயில் பெட்டிகளின் கைகழுவும் தொட்டிகளிலும் இந்த அமைப்பு பரவியதற்கு, பயன்படுத்துபவரின் கவனத்தை அது நம்பியிருக்கவில்லை என்பதே காரணம். எளிமையும் சிக்கனமும் இவ்வளவு அழகாக ஒன்றிய பொறியியல் அரிது.

பழுது எங்கே என்பதைக் கசிவின் இடமே சொல்லிவிடும். குழாய் மூடியிருக்கும்போது மூக்கில் சொட்டினால் குறை வாஷரிலோ சீட்டிலோ இருக்கிறது. திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியில் நீர் ஊறினால், ஸ்பிண்டிலைச் சுற்றி நீர் மேலேறாமல் தடுக்கும் ‘கிளாண்ட்’ எனும் அடைப்பு தளர்ந்திருக்கிறது. பழைய குழாய்களில் அங்கு கிரீஸ் தோய்த்த நூல் சுற்றப்பட்டிருக்கும், புதியவற்றில் வட்ட வெட்டுமுகமுள்ள ரப்பர் வளையம் இருக்கும். ‘ஓ-ரிங்’ என்னும் இந்த வளையத்துக்கு 1939இல் காப்புரிமை பெற்றவர் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன். நூல் வகையாக இருந்தால் கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்குவதே பல வேளைகளில் போதும். சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் தெரிந்தால் குறை மரையில் இருக்கிறது. அதற்கு மட்டுமே குழாயை முழுவதும் கழற்ற வேண்டும்.

வாஷர் மாற்றும் வேலையில் ஒழுங்கு முக்கியம். தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வை மூடி, பழுதான குழாயையே திறந்து, எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். கழுவுதொட்டியின் துளையில் ஒரு துணியை அடைத்துவைத்தால் திருகாணி உள்ளே விழாது. கைப்பிடியைக் கழற்றியபின் தலைப்பகுதியின் அறுகோண நட்டில் ஸ்பானரைப் பொருத்தி இடப்புறமாகத் திருப்பும்போது, குழாயின் உடலை மற்றொரு ரென்ச்சால் துணி சுற்றிப் பிடித்துக்கொள்வது கட்டாயம். பழைய வீடுகளில் சுவருக்குள் இருக்கும் துத்தநாகம் பூசிய இரும்பு நிப்பிள், அதாவது இருபுறமும் மரையுள்ள சிறு துண்டுக் குழாய், பித்தளையோடு நீரில் சேர்ந்திருப்பதால் மின்வேதி அரிப்புக்கு உள்ளாகியிருக்கும். துத்தநாகமும் பின்னர் இரும்பும் கரைந்து, மரையின் பள்ளங்களில் தகடளவே எஞ்சியிருக்கும். உடலைப் பிடிக்காமல் தலையைத் திருப்பினால் அந்த முறுக்கு நிப்பிளுக்குப் போய் அதைச் சுவருக்குள்ளேயே முறித்துவிடும். பத்து ரூபாய் வேலை, சுவரை உடைக்கும் வேலையாக மாறுவது பெரும்பாலும் இந்த ஒரு கவனக்குறைவால்தான்.

தலைப்பகுதி வெளியே வந்ததும் பழைய வாஷரை எடுத்து அதே விட்டமுள்ளதைப் பொருத்தி, சீட்டின் விளிம்பை விரல்நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். பிசிறு தட்டினால் சீட்டைத் தேய்க்க வேண்டும் என்று பொருள். படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கைக் கத்தியால் சுரண்டாமல், புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ சிறிது நேரம் ஊறவைத்தால், அமிலம் கார்பனேட்டைக் கரைத்துக் கரியமில வாயுவாக வெளியேற்றிவிடும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. ஆயினும் குரோமிய முலாம் பூசிய பகுதியை அமிலத்தில் நெடுநேரம் விடக்கூடாது. முலாமில் நுண்துளை இருந்தால் அமிலம் அதன்வழி இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரித்து முலாமை உரித்துவிடும்.

கால் சுற்றில் திறந்து மூடும் புதிய குழாய்களில் வாஷருக்குப் பதிலாக இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. அலுமினியம் ஆக்சைடால் ஆன அவை, மோஸ் கடினத்தன்மை அளவில் 9 என்ற நிலையில் இருப்பதால், 7 என்ற நிலையிலுள்ள மணல் அவற்றைக் கீறுவது அரிது; ஆனால் ஒரு துகள் இடையில் சிக்கினால் வில்லைகள் பிரிந்து கசியும், வலிந்து திருப்பினால் விளிம்பு சில்லுத் தெறிக்கும். வில்லைகளைத் தாங்கும் ‘கார்ட்ரிட்ஜ்’ எனும் உருளையை முழுமையாக மாற்றுவதே இங்கு பழுதுபார்ப்பு. நீளம், மரை, தண்டின் பற்கள், திறக்கும் திசை ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் பழையதைக் கையில் எடுத்துச் சென்றே புதியதை வாங்க வேண்டும். உதிரி கார்ட்ரிட்ஜ் தனியே கிடைக்காத குழாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கத் தகாதது.

கால் சுற்றுக் குழாய்களால் வரும் இன்னொரு சிக்கல் நீர்மோதல். ஓடும் நீர் திடீரென நிறுத்தப்படும்போது அதன் உந்தம் அழுத்த அலையாக மாறிக் குழாய்வழியே பின்னோக்கி விரைகிறது. சுவருக்குள் கேட்கும் ‘டொக்’ என்ற ஒலி அதுவே. மாஸ்கோ நகர நீர்க்குழாய்களில் சோதனை செய்து நிக்கோலாய் ஷுக்கோவ்ஸ்கி 1898இல் தந்த சூத்திரத்தின்படி, இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை உடனே நிறுத்தினால் அழுத்தம் ஏறத்தாழ 13 பார் எகிறும். மேல்நிலைத் தொட்டி தரும் 0.3 பாரோடு ஒப்பிட்டால் இது நாற்பது மடங்குக்கும் மேல். அலை தொட்டிவரை போய்த் திரும்புவதற்குள் வால்வு மூடினால்தான் இந்த முழு அளவும் ஏறும். 10 மீட்டர் நீளமே உள்ள வீட்டுக் குழாயில் அந்த நேரம் 0.015 நொடி என்பதால் மனிதக் கை அவ்வளவு விரைவாக மூடுவதில்லை, அழுத்தம் ஒரு பகுதியளவே உயர்கிறது. தெருக் குழாயிலிருந்து நேரடியாக இணைப்புப் பெற்ற நீண்ட வழிகளில் ஆபத்து கூடுதல். பழைய மரைகள் உள்ள வீட்டில் கால் சுற்றுக் குழாயைப் பொருத்தியவர்கள் அதை மெல்ல மூடும் பழக்கத்தையும் கைக்கொள்வது நல்லது.

குழாயையே மாற்ற நேர்ந்தால் மரை பற்றிய அறிவு வேண்டும். கடையில் ‘அரை இன்ச்’ என்று கேட்டு வாங்கும் குழாயின் மரையை அளந்தால் வெளிவிட்டம் 20.955 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்தையும் தாண்டியிருக்கும். பழைய இரும்புக் குழாய்களின் உள்துளையை வைத்தே அளவு குறிக்கப்பட்டது. குழாயின் சுவர் மெலிந்தும் பொருள் மாறியும் போன பின்னரும் மரையின் அளவு மாறாமல் நிலைத்தது. 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்மொழிந்த 55 பாகைக் கோணமும், இந்த அளவுக்குரிய அங்குலத்துக்கு 14 மரையும் இன்றும் இந்தியக் குழாய்களில் இருப்பதால்தான், எழுபது ஆண்டுப் பழைய நிப்பிளில் இன்று வாங்கிய குழாய் பொருந்துகிறது.

மரை மரையோடு சேர்வதால் மட்டும் நீர் நிற்பதில்லை, அவற்றுக்கிடையே சுருள் வடிவ இடைவெளி ஒன்று எப்போதும் உண்டு. முன்பு சணல் நாரும் எண்ணெய்ச் சாந்தும் அடைத்த அந்த இடைவெளியை இப்போது டெஃப்லான் டேப் நிரப்புகிறது. ராய் பிளங்கெட் 1938இல் தற்செயலாகக் கண்டறிந்த பலபடியான அது உராய்வையும் குறைக்கிறது. மரையின் வாயைப் பார்த்தபடி வலஞ்சுழியாக, இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் சுருண்டு வெளியேறும். இறுகிய குழாயின் மூக்கு நேராகக் கீழ்நோக்கி நிற்க வேண்டும் என்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. சற்றுத் தாண்டிவிட்டது என்று பின்னோக்கித் திருப்பினால் டேப்பின் அடைப்பு கலைந்துவிடும்; கழற்றி, டேப்பைக் கூட்டியோ குறைத்தோ சுற்றி மீண்டும் பொருத்துவதே முறை. சுவருக்குள் இருப்பது சிபிவிசி போன்ற பிளாஸ்டிக் பொருத்தி என்றால் மிகை இறுக்கம் அதைப் பிளந்துவிடும்.

புதிய பித்தளைக் குழாய் பொருத்தியபின் ஓர் எச்சரிக்கை உண்டு. தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையைக் கடைசலில் எளிதாக வெட்டுவதற்காகச் சிறிதளவு ஈயம் சேர்ப்பது வழக்கம். இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரில் அது நுண்ணளவில் கரையக்கூடும். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரநிலை. காலையில் வரும் முதல் நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்த நீரைச் சமையலுக்குப் பிடிப்பது, குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், நல்ல காப்பு.

பொதுச்சுவர் வீடுகளுக்கு இந்த அறிவியல் தரும் முடிவு தெளிவானது. அங்கு குழாய்களைச் சுவருக்குள் புதைப்பது தவறு. சுவரின் மேல் பற்றிகளால் பிடித்துச் செல்லும் வெளிக்குழாய் கண்ணுக்கு அத்தனை அழகாக இல்லாவிட்டாலும், கசிவு முதல் நாளே தெரிகிறது, பழுது நீக்க எந்தச் சுவரையும் தொட வேண்டியதில்லை. அடுக்களைக்கும் குளியலறைக்கும் கொல்லைக்கும் தனித்தனி அடைப்பு வால்வு வைத்தால் ஒரு வாஷருக்காக வீடு முழுவதும் நீரின்றி நிற்காது. ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு பொருக்குப் பிடித்து, தேவைப்படும் நாளில் அசைய மறுக்கும். ஆகவே கல்பாத்தியின் வீடுகள் ஐப்பசிக் கடைசியில் வரும் தேர்த் திருவிழாவுக்காகத் துப்புரவு செய்யப்படும் நாள்களில், உறவினர் வந்து நிறைவதற்கு முன்பாக, ஒவ்வொரு வால்வையும் ஒரு முறை முழுவதும் மூடித் திறந்துவிடுவதையும், சொட்டும் குழாய்களுக்கு வாஷர் மாற்றுவதையும் அந்த வேலைகளோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.